கழுவியும் போகாத கார் கண்ணாடி அழுக்கு: எதை எதால் எடுத்தேன்

நீண்ட காலம் மரத்தடியில், வெட்டவெளியில் நின்றிருந்த ஒரு பழைய காரின் கண்ணாடிகள் அத்தனையையும் ஒருவழியாகச் சுத்தம் செய்து முடித்திருக்கிறேன். கழுவினால் போய்விடுகிற அழுக்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இது கழுவியும் போகாதது. ஈரமாக இருக்கும்போது மறைந்துபோகும், காய்ந்ததும் பழையபடி வந்து நிற்கும். துணியால் தேய்த்தால் ஓரிடத்தில் இருந்தது நாலு இடத்துக்கு இழுபடும். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். அந்த வரிசைதான் இதில் முக்கியம். எந்தத் திரவம் நல்லது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், வீட்டில் இருக்கிற பொருள்களை வைத்தே பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடலாம்.

முதலில் என்னென்ன ஒட்டியிருந்தன என்று சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடியில் வைப்பர் ஓடும் அரைவட்டத்துக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக நீர்க்கறை. அரைவட்டத்துக்குள் பகலில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இரவில் எதிரே வண்டி வந்தால் விளக்கு ஒளி கண்ணாடி முழுக்கக் கலங்கிப் பரவியது. பின்கண்ணாடியில் மரப்பிசின் கெட்டியான துளிகளாக உறைந்திருந்தது. பக்கக் கண்ணாடி ஒன்றில் எப்போதோ உரித்த ஸ்டிக்கரின் பசை மட்டும் மிச்சம், அதன்மேல் தூசி அப்பிக் கறுத்திருந்தது. உள்பக்கத்தில் எல்லாக் கண்ணாடியிலும் ஒரு மங்கல் படலம்.

மரத்திலிருந்து சொட்டிய பிசுபிசுப்பையும் சேர்த்தால், மொத்தத்தில் ஐந்து வகை. எண்ணெய், சர்க்கரை, பிசின், பசை, சுண்ணாம்பு உப்பு. எண்ணெயை வினிகர் தொடாது. சுண்ணாம்பை சோப்பு தொடாது. எண்ணெய்க்கு அடியில் சுண்ணாம்பு மறைந்திருந்தால், மேலே எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் அது அடியில் போய்ச் சேராது. ஆகவே எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும், உப்பை அதற்குப் பிறகு. அதற்கும் மசியாமல் எது மிஞ்சுகிறதோ அதற்கு மட்டும்தான் தேய்க்கிற சமாச்சாரம்.

கண்ணாடியைப் பற்றி இரண்டு வார்த்தை

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டால் விரிசல் விடுகிறதே தவிர, சிதறிக் கொட்டுவதில்லை. பக்கக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலும் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கிய டெம்பர்டு கண்ணாடி. உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும். சில புதிய கார்களில் பக்கவாட்டிலும் ஒட்டுக் கண்ணாடியே வருகிறது. சுத்தம் செய்யும்போது இந்த வித்தியாசம் முக்கியம் ஆவது பிளேடைக் கையில் எடுக்கும்போதுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று கடினம். மோஸ் அளவுகோலில் கண்ணாடி ஏறக்குறைய 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது கண்ணாடியில் கீறல் விழவைப்பது பெரும்பாலும் நாம் பயப்படுகிற ரசாயனம் அல்ல, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொள்கிற மணல்துகள்தான். காய்ந்த தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைப்பது போன்ற கெடுதல் வேறில்லை. பலர் தினமும் காலையில் அதைத்தான் செய்கிறார்கள், பார்க்கும்போதே மனசு கேட்பதில்லை.

கழுவல்

காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடி கையால் தொட்டால் சில்லென்று இருக்கும்வரை விட்டேன். சூடான கண்ணாடியில் எதைப் போட்டாலும் துடைப்பதற்குள் காய்ந்து, அதுவே புதுக் கறையாகிவிடும். அப்புறம் நிறையத் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றித் தளர்ந்த மண்ணை முழுக்க ஓடவிட்டேன். இந்தக் கட்டத்தில் துணி கண்ணாடியைத் தொடவே கூடாது.

வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்தும்போது அடியில் கண்ணாடிமேல் ஒரு மடித்த துண்டை வைத்துவிடுங்கள். அந்தக் கையில் இருக்கும் ஸ்பிரிங் பலமானது. தவறி விழுந்து இரும்பு நேராகக் கண்ணாடியில் அடித்தால், முன்கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும்.

பாத்திரம் கழுவும் திரவ சோப்பைச் சில சொட்டு மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தேன். இந்த சோப்பு காரின் பெயின்ட்மேல் இருக்கும் மெழுகையும் எடுத்துவிடும், ஆகவே கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டு உடனே அலசிவிட வேண்டும். மரத்திலிருந்து பிசுபிசுவென்று பொடித் துளிகளாக விழுந்திருந்தவை இதிலேயே கரைந்தன. பலர் அதைப் பிசின் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இலைகளின் சாறை உறிஞ்சும் அசுவினி போன்ற பூச்சிகள் வெளியேற்றும் சர்க்கரைத் திரவம். சர்க்கரை என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். பூச்சிகள் அடிபட்டுக் காய்ந்த இடங்களுக்கும் பறவை எச்சத்துக்கும் ஈரத்துணியைப் போர்த்திக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தேய்க்காமலேயே வழித்து எடுத்துவிடலாம். ஊறவிடுவதற்குப் பொறுமை இல்லாமல் சுரண்டுவதால்தான் கீறல் விழுகிறது.

எண்ணெய்ப் படலம்

கழுவி முடித்ததும் ஒரு சோதனை. கண்ணாடியில் சுத்தமான தண்ணீரை ஊற்றி, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். மெழுகோ எண்ணெயோ இல்லாத கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாகப் பரவி இறங்கும். இங்கே ஓரிடத்தில் விரிந்தது, பக்கத்திலேயே கிழிந்து துளிகளாகத் திரண்டது. கிழிகிற இடமெல்லாம் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். நான் இந்த வேலையில் அதிகம் நம்பியது இந்தச் சோதனையைத்தான். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் இதைச் செய்தேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது வேறு, தண்ணீர் சொல்வது வேறு.

சாலையில் முன்னே போகும் வண்டிகளின் புகை, டயர்த் துகள், எண்ணெய்த் திவலை, கார் பாலிஷிலிருந்து வரும் மெழுகும் சிலிக்கோனும் எல்லாம் கலந்துதான் இந்தப் படலம். வைப்பர் அதை வழிப்பதில்லை, மெல்லியதாகப் பூசிவிடுகிறது. வைப்பர் தடதடவென்று துள்ளி ஓடுவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். ரப்பர் போய்விட்டது என்று நினைத்துப் புது வைப்பர் வாங்கிப் போட்டும் துள்ளல் நிற்காத கதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை, 70 சதவீதம் உள்ளதை, துணியில் நனைத்துத் துடைத்தேன். புதிதாகப் படிந்தது போயிற்று. வெயிலில் வெந்து இறுகிய படலம் அசையவில்லை. அதற்கு சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, ஈரத்துணியில் எடுத்து, சிறு சிறு வட்டமாகத் தேய்த்தேன். சமையல் சோடாவின் கடினம் மோஸ் அளவில் ஏறக்குறைய 2.5 தான். கண்ணாடியைக் கீற அதனால் முடியாது, மேலே இருக்கும் படலத்தை அறுக்க முடியும். கைக்கு முதலில் வழுக்கும். படலம் போகப்போகத் துணி கண்ணாடியைப் பிடித்து ஓடுவது விரலுக்கே தெரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு முழு முன்கண்ணாடியையும் முடித்தேன். அவசரப்பட்டு ஒரேயடியாகப் பூசினால் விட்டுப்போன இடம் எது என்றே தெரியாது. பிறகு நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். சோடா, கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரின் இடுக்கில் தங்கிக் காய்ந்தால் வெள்ளைக் கோடாக நிற்கும், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷால் அதைத் தட்டி எடுத்தேன்.

அலசியபின் தண்ணீர் முன்கண்ணாடி முழுக்க ஒரே விரிப்பாக இறங்கியதைப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பல பேர் இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம். நீர்க்கறை இல்லாத காருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். காற்றோட்டம் உள்ள இடத்தில், அடுப்பு, சிகரெட் எதுவும் அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள். பெயின்ட்மேல் வழியவிடாதீர்கள்.

பிசினும் பசையும்

உண்மையான மரப்பிசின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு துளிமேலும் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தி வைத்தேன். ஓரம் இளகி மஞ்சளாகப் பஞ்சில் இறங்கும். இளகாததை மறுபடியும் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். மிகவும் கெட்டியாக நின்ற துளிகளைத் தடிமனான பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் தள்ளி எடுத்தேன்.

பிளேடு பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் புது பிளேடைப் படுக்கவாட்டில், சுமார் 30 பாகையில் பிடித்து, சோப்புத் தண்ணீர் வழிய வழிய, ஒரே திசையில் மட்டும் தள்ளினால் பெரும்பாலும் ஆபத்தில்லை. முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டிய துகள் கோடு போட்டுவிடும். டெம்பர்டு கண்ணாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூட்டில் பதப்படுத்தும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் மேற்பரப்பிலேயே உருகி ஒட்டியிருக்கக் கூடும். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போனால் நீளமான கீறல். அதனால் பக்கத்திலும் பின்னாலும் நான் பிளேடை எடுக்கவே இல்லை. பின்கண்ணாடியின் உள்பக்கத்தில் பனியை நீக்குவதற்காக ஓடும் மெல்லிய கோடுகள் இருந்தால் அங்கே பிளேடும் கூடாது, சோடாவும் கூடாது. அவை வெள்ளி கலந்த பூச்சால் கண்ணாடிமேல் அச்சிட்டவை. ஓரிடத்தில் அறுந்தால் அந்தக் கோடு முழுவதும் சூடேறாது.

ஸ்டிக்கர் பசைக்கு எண்ணெய்தான் சரி. சமையல் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து அதன்மேல் ஒட்டவைத்து அரைமணி நேரம் விட்டேன். பசை ஊறிச் சுருண்டது, விரலால் உருட்டினாலே வந்துவிட்டது. எண்ணெய் போட்ட இடத்தில் மறுபடியும் சோப்பு, அதன்பின் ஆல்கஹால். ஸ்டிக்கர் இன்னும் உரிக்காமல் இருந்தால் முதலில் முடி உலர்த்தும் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். பசையில் பெரும்பகுதி காகிதத்தோடே வந்துவிடும்.

கிளே

விரல் நுனியால் தடவியபோது வழவழப்பாகத் தெரிந்த இடத்தை, கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள். இருந்த சொரசொரப்பெல்லாம் தெரியும். பெயின்ட் அடிக்கும் இடத்திலிருந்து பறந்து வந்த தூசி, பிரேக்கிலிருந்து கிளம்பும் இரும்புத்தூள் போன்றவை கண்ணாடியில் இப்படிக் குத்திட்டு நிற்கும். இவற்றைக் கரைத்து எடுப்பதைவிடப் பிடுங்கி எடுப்பது சுலபம். அதற்குத்தான் கிளே பார் என்ற, களிமண் போல இளகும் கட்டி. சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கிளேயைச் சிறு துண்டாகத் தட்டி, அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டினேன். ஆரம்பத்தில் கரகரவென்று சத்தம் வரும், துகள் கிளேக்குள் போகப்போகச் சத்தம் அடங்கும். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் புது முகம் எடுத்துக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்த கிளேயைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கண்ணாடிக்குப் பயன்படுத்திய கிளேயைப் பெயின்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நீர்க்கறை: இந்த வேலையின் கடினமான பகுதி

உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். துளி காயும்போது தண்ணீர் ஆவியாகும், அவை கார்பனேட்டாகக் கண்ணாடியில் தங்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவேதான். இதுவரை சொன்ன எதற்கும் இது அசையாது. அமிலம் வேண்டும்.

வீட்டு வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது, மெல்லிய கறைக்கு அது போதும். நான் சிட்ரிக் அமிலப் பொடியை எடுத்துக்கொண்டேன், வாடை இல்லை என்பதால். 200 மில்லி தண்ணீருக்கு 10 கிராம். கண்ணாடி சரிவாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் தெளித்தால் வழிந்து பானட்டுக்குப் போய்விடும். ஆகவே டிஷ்யூ காகிதத்தை விரித்து அந்தக் கரைசலில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, 10 நிமிடம் வைத்தேன். காயத் தொடங்கினால் மேலே சில சொட்டு விட வேண்டும். கறை தடிமனாக இருந்த இடங்களில் காகிதத்துக்கு அடியில் பொடிக் குமிழிகள் கிளம்பின. கார்பனேட் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது, மிச்சம் தண்ணீரில் கரையும் உப்பாகிவிடுகிறது. குமிழி நின்றதும் காகிதத்தை எடுத்து அலசினேன். முக்கால்வாசிக் கறை அப்போதே போய்விட்டது.

கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். அமிலம் பெயின்டிலும் குரோம், அலுமினியப் பட்டைகளிலும் தங்கக் கூடாது. அவற்றை முன்கூட்டியே நனைத்து வைத்தால் தெறிப்பு விழுந்தாலும் நீர்த்துவிடும். சிமென்ட் தரையையும் அமிலம் அரிக்கும், அங்கேயும் தண்ணீர் விட்டு வைத்தேன். பிளீச்சை இந்த வேலைக்குப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியாவோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். கழிப்பறை சுத்தம் செய்யும் கடுமையான அமிலத்தை எடுத்து வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

கடையில் கிடைக்கும் சில நீர்க்கறை நீக்கிகளிலும் சக்கரம் கழுவும் திரவங்களிலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். தடவிய உடனே கறை மறைவது அதனால்தான், அவை கண்ணாடியையே கரைக்கக் கூடியவை. தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி எலும்புவரை சேதம் செய்யும். பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

மிஞ்சிய கறைக்கு அமிலத்தை இன்னொரு முறை போட்டேன், பழையபடி நின்றது. குமிழியும் வரவில்லை. அப்படியானால் அங்கே கார்பனேட் இல்லை. தண்ணீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்திருக்க வேண்டும், அல்லது கண்ணாடியே அரிபட்டிருக்க வேண்டும். இரண்டாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் நீர்க்கறையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். கண்ணாடியில் சிலிக்காவோடு சோடியமும் இருக்கிறது. ஒரு துளி நீர் நீண்ட நேரம் தங்கினால் சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் கசியும். துளி காரத்தன்மை அடையும். பிஎச் 9ஐத் தாண்டினால் அந்தக் காரம் சிலிக்கா வலையையே கரைக்கத் தொடங்கும். வெயில் இதை வேகப்படுத்தும். கடைசியில் மேலே கறை எதுவும் இருக்காது, நுண்ணிய பள்ளம்தான் இருக்கும். பள்ளத்தைத் துடைத்து எடுக்க முடியாதல்லவா.

தேய்த்துப் பார்த்தது

அடுத்து மிக நுண்ணிய ஸ்டீல் வூல், அதாவது எஃகு இழைப் பஞ்சு, 0000 என்று எண் போட்டது. அதைவிடத் தடிமனானதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, லேசான அழுத்தத்தில், முதலில் யார் கண்ணிலும் படாத ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான் தொடர்ந்தேன். இது கண்ணாடியின் வெளிப்பக்கத்துக்கு மட்டும். ஃபிலிம் ஒட்டிய இடம், மேற்பூச்சு உள்ள கண்ணாடி, பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டு மிரர்கள் இவற்றில் கூடாது. இழைகள் உதிரும், பானட்டில் தங்கினால் துருப்புள்ளி விழும், ஆகவே உடனே அலச வேண்டும். சிலிக்காக் கறையில் பாதி இதில் குறைந்தது.

பாக்கிக்கு சீரியம் ஆக்சைடு. கண்ணாடித் தொழிலில் லென்ஸ் முதல் நிலைக்கண்ணாடி வரை மெருகேற்றப் பயன்படும் பொடி இது. வெறுமனே உரசுவதோடு நில்லாமல், தண்ணீரின் துணையோடு கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினையும் புரிகிறது. அதனால்தான் மற்றப் பொடிகளைவிட வழவழப்பாக விடுகிறது. தண்ணீரில் பாலேடு பதத்துக்குக் குழைத்து, டிரில்லில் மாட்டிய ஃபெல்ட் வட்டால் மெதுவான வேகத்தில் ஓட்டினேன். பீடிங், பெயின்ட் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டுத் தொடங்குங்கள், அந்தக் குழம்பு தெறிக்காத இடமில்லை.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒன்று சூடு. ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டினால் அந்த இடம் மட்டும் சூடேறும், சுற்றிலும் குளிர்ந்திருக்கும், கண்ணாடி விரிந்து உடையும். வட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், குழம்பு காயவே கூடாது, அடிக்கடி புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, ஓட்டுநர் பார்க்கும் நேர்ப்பகுதி. அங்கே ஓரிடத்தை மட்டும் அதிகம் மெருகேற்றினால் லேசான குழி விழும். வழியே பார்க்கும்போது சாலை நெளியும். கறையைவிட அது மோசம். அதனால் அந்தப் பகுதியில் டிரில்லை எடுக்காமல் கையாலேயே, சுற்றிலும் பரவலாகத் தேய்த்தேன். நகம் மாட்டுகிற ஆழத்துக்குக் கீறல் இருந்தால் மெருகேற்றி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் முன்கண்ணாடியில் முயல வேண்டாம்.

உள்பக்கம்

உள்ளே இருந்த மங்கல் வேறு வகை. டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பொருள்களும் பசைகளும் வெயிலில் ஆவியாகி, குளிரும்போது கண்ணாடியில் படிகின்றன. புதுக் காரில் இது இன்னும் அதிகம். மூச்சுக்காற்று, விரல் ரேகை, புகைப்பவர் என்றால் அந்தப் படலம் எல்லாம் சேரும். இரவில் ஒளி கலங்கியதற்கு வெளியே இருந்த எண்ணெய் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் இது. நிறையப் பேர் வெளியே மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துவிட்டு ஏன் தெளியவில்லை என்று குழம்புகிறார்கள்.

உள்ளே ஸ்ப்ரேயைக் கண்ணாடியில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துக்கொண்டேன். டேஷ்போர்டு, ஸ்பீக்கர், மேலே இருக்கும் மழை உணரி, கேமரா எதிலும் திரவம் போகக் கூடாது. கேமரா உள்ள கார்களில் அதற்கு முன்னே இருக்கும் கண்ணாடித் துண்டை மூடியைக் கழற்றாமல் எட்ட முடியாது என்றால் அதை விட்டுவிடுவதே நல்லது. ஆல்கஹாலையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து வைத்திருந்தேன். ஒரு துணி ஈரமாக, ஒரு துணி உலர்வாக. ஈரத்துணியால் துடைத்த உடனே, காயும் முன் உலர்துணி. முதல் சுற்றில் துணி பழுப்பாக வந்தது. துணியைத் திருப்பித் திருப்பிப் புது முகம் எடுத்து, பழுப்பு நிற்கும்வரை தொடர்ந்தேன். ஒரே முகத்தால் துடைத்தால் படலத்தை இடம் மாற்றுகிறோம், அவ்வளவே.

முன்கண்ணாடியின் கீழ் மூலைக்குக் கை எட்டுவதில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, துணியை விரல்களுக்கு மேல் போர்த்தி, புறங்கையால் தள்ளினால் எட்டுகிறது. சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது, ஃபிலிம் மங்கி உரியத் தொடங்கும். அங்கே லேசான சோப்புத் தண்ணீர் மட்டும் பயன்படுத்தினேன். பின்கண்ணாடியின் கோடுகளைக் குறுக்கே துடைக்காமல், கோடு போகும் திசையிலேயே துடைத்தேன். உள்ளே தொங்கும் கண்ணாடியிலும் திரவத்தை அடிக்க வேண்டாம், ஓரத்தில் புகுந்தால் பின்னால் இருக்கும் பூச்சு கறுக்கும்.

பக்கக் கண்ணாடிகளைக் கொஞ்சம் கீழிறக்கி மேல் விளிம்பைத் துடைக்காமல் விட்டால் வேலை முடியாது. ஏற்றி மூடியிருக்கும்போது அந்த விளிம்பு ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், அழுக்கெல்லாம் அங்கேதான். அதை விட்டுவிட்டால் இறக்கி ஏற்றியதும் சுத்தமான கண்ணாடியில் பட்டைக் கோடு விழும்.

கடைசித் துடைப்பு

எல்லாம் அலசி முடித்தபின் இறுதியாக டிஸ்டில்டு வாட்டரை, பேட்டரிக்கு ஊற்றுவதைத்தான், தெளித்து உலர்துணியால் துடைத்தேன். குழாய்த் தண்ணீரிலேயே நிறுத்தினால் இத்தனை பாடுபட்டு எடுத்த உப்பை நாமே மறுபடியும் வைத்தது போலாகும். வெளியே மேலிருந்து கீழாக, உள்ளே பக்கவாட்டில் என்று திசையைப் பிரித்துக்கொண்டேன். கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கோட்டின் திசையே சொல்லிவிடும், உள்ளேயும் வெளியேயும் மாறி மாறி ஓட வேண்டியதில்லை. கண்ணாடிக்கான துணிகளைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்கவே கூடாது, அது இழையில் ஒரு படலத்தை விடும், அது அப்படியே கண்ணாடிக்கு வரும்.

வைப்பர் ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் இரு பக்கமும் பிடித்து இழுத்தேன், கறுப்பு வருவது நிற்கும்வரை. கடுமையான கரைப்பான் போட்டால் ரப்பர் மேலுள்ள பூச்சு போய்விடும் என்பதால் தண்ணீர் மட்டும்தான். முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவதற்கான தொட்டியைக் காலிசெய்து, டிஸ்டில்டு வாட்டரில் அதற்கான திரவத்தைக் கலந்து நிரப்பினேன். பாத்திர சோப்பை அங்கே ஊற்றினால் நுரை அடைக்கும், படலமும் திரும்ப வரும்.

தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சுகளைப் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் மட்டும் போட்டேன். எண்ணெயோ உப்போ மிச்சமிருக்கும் கண்ணாடியில் அவை சரியாகப் பிடிக்காது, ஆகவே இவ்வளவு சுத்தம் செய்த பிறகு போடுவதுதான் பொருத்தம். முன்கண்ணாடியை வெறுமையாக விட்டிருக்கிறேன். பூச்சு சீராக இல்லாத இடத்தில் வைப்பர் துள்ளத் தொடங்கும், அங்கே வைப்பர் ஒழுங்காக ஓடுவதையே நான் விரும்புகிறேன்.

இடப்பக்கப் பின்ஜன்னலின் கீழ் மூலையில் அரிபட்ட வட்டங்கள் சில இன்னும் இருக்கின்றன. சாய்வாகப் பார்த்தால் தெரியும். டெம்பர்டு கண்ணாடி என்பதாலும், ஓட்டும்போது பார்வைக்குக் குறுக்கே வராத இடம் என்பதாலும் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஜன்னல்பக்கம் தண்ணீர் தெறிக்காதபடி காரை நிறுத்தும் இடத்தை மாற்றியாயிற்று.